விலை ஏறும் என்று தெரிந்தும் ஏன் யாரும் வாங்குவதில்லை?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மின்சாதனக் கடை வைத்திருக்கிறீர்கள். வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் சுற்றியுள்ள தோட்டங்களிலும் செம்பனை (பாமாயில்) ஆலைகளிலும் வேலை செய்கிறவர்கள், அல்லது அங்கிருந்து தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்தவர்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆகிறது என்றதும் நாலு வாஷிங் மெஷின் கூடுதலாக இறக்கினீர்கள். அவை அப்படியே நிற்கின்றன. அப்புறம் ‘விலை ஏறுமுன் வாங்குங்கள்’ என்று அட்டை எழுதி மாட்டினீர்கள். அதற்கும் ஆள் வரவில்லை. சம்பளம் கூடும் என்று தெரிகிறது, விலை ஏறும் என்றும் தெரிகிறது, இரண்டுமே இப்போதே வாங்கத் தூண்ட வேண்டிய விஷயங்கள்தானே, பிறகு ஏன் கையை மடக்கிக்கொள்கிறார்கள் என்பது உங்கள் கேள்வி. கடைசியில் ‘நம் ஆட்களுக்குக் கணக்குத் தெரியாதா?’ என்று ஒரு வரி. மற்றதெல்லாம் சரி, அந்த ஒரு வரியில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஆறாம் படிவத்துக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்புக்கு, சில ஆண்டுகள் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தேன். பிறகு 24 ஆண்டுகளாக உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கடன் மேசையில் இருக்கிறேன். ஒருவர் நாளையைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது கடன் மனு எழுதும்போது வெளியே வந்துவிடும். ஆனால் கடன் கேட்டு வருகிறவர்களைத்தான் நான் பார்க்கிறேன். கேட்காமலே சமாளிக்கிற குடும்பங்கள் என் மேசைக்கு வருவதில்லை. நான் சொல்வதை அந்த அளவுக்குக் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாடப்புத்தகம் சொல்வது. 1936-இல் பொருளாதார அறிஞர் கெயின்ஸ் எழுதியபோது, இன்றைய வருமானம் கூடினால் செலவும் கூடும், ஆனால் முழுதாக அல்ல என்றார். 1957-இல் இன்னொரு அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் அதை மறுத்தார். மக்கள் இந்த மாதச் சம்பளத்தைப் பார்த்துச் செலவழிப்பதில்லை, வருங்காலத்தில் நிலையாக வரும் என்று தாங்கள் நம்பும் வருமானத்தைப் பார்த்துத்தான் செலவழிக்கிறார்கள் என்றார். அதனால்தான் ஒருமுறை மட்டும் வரும் போனஸ் பெரும்பாலும் சேமிப்புக்கோ பழைய கடனுக்கோ போகும், நிரந்தரச் சம்பள உயர்வு செலவாகும். இதன்படி பார்த்தால் நீங்கள் மெஷின் இறக்கியது சரியான கணக்கு. ஆனால் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1946 முதல் குடும்பங்களைக் கேள்வி கேட்டு வந்த ஜார்ஜ் கட்டோனா இன்னொன்றைச் சேர்த்தார். வாங்க முடிவது வேறு, வாங்க மனம் வருவது வேறு. காசு இருந்தும் மனம் வராவிட்டால் பெரிய சாமான்கள்தான் முதலில் தள்ளிப்போகும். அரிசி பருப்பைத் தள்ளிப்போட முடியாது. பழைய வாஷிங் மெஷின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் வரை புதியதைத் தள்ளிப்போடலாம். உங்கள் கடையில் இருப்பது முழுக்க முழுக்கத் தள்ளிப்போடக்கூடிய சரக்கு. எதிர்பார்ப்பு கொஞ்சம் ஆடினாலும் முதல் அடி உங்களுக்குத்தான் விழும்.

இனி என் மேசையில் நடந்தது. 1,700 வெள்ளி அறிவிப்பு 2024 அக்டோபர் 18-ஆம் தேதி பட்ஜெட்டில் வந்தது. தீபாவளிக்குச் சரியாக 13 நாள் முன்பு. நடைமுறைக்கு வந்தது 2025 பிப்ரவரி 1. இடையில் மூன்றரை மாதம். கையில் ஒரு காசு கூடவில்லை, எதிர்பார்ப்பு மட்டும் கூடியது. அந்த நவம்பரில் ஒரே ஆலையிலிருந்து இரண்டு பேர் ஒரே வாரத்தில் வந்தார்கள். அடிப்படைச் சம்பளம் இருவருக்கும் 1,500; சம்பளச் சீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெயர் தவிர வித்தியாசம் தெரியாது. சின்னவருக்கு 31 வயது. “அண்ணே, பிப்ரவரியிலேர்ந்து 200 வெள்ளி கூடுது. காடிக்கு (காருக்கு) முன்பணம் மட்டும் இருந்தா மாசா மாசம் கட்டிருவேன்” என்றார். பெரியவருக்கு 52. அவர் கடன் கேட்க வரவில்லை, இருக்கிற கடனை முன்கூட்டியே அடைத்து முடிக்க வந்தார். சம்பளம் கூடும் நேரத்தில் என்ன அவசரம் என்று கேட்டேன். “கூட்டிக் குடுக்குறதுக்கு எதைக் குறைப்பாங்கன்னு பாக்கணும் சார்” என்றார்.

அன்றைக்கு அவரை நான் கொஞ்சம் பயந்த ஆள் என்றே நினைத்தேன். பிறகு ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், நீங்களும் போட்டுப் பாருங்கள். 200 வெள்ளி உயர்வில் ஊழியர் சேமநிதிக்கு (இபிஎஃப்) 11 சதவீதம், அதாவது 22 வெள்ளி போகும். மிச்சம் 178. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பிடித்தத்தை விட்டுவிடுவோம். ஓவர்டைம் விகிதம் ஒன்றரை மடங்கு: மாதச் சம்பளத்தை 26 நாளால் வகுத்து, 8 மணி நேரத்தால் வகுத்து, ஒன்றரையால் பெருக்க வேண்டும். 1,500-க்கு மணிக்கு 10 வெள்ளி 82 காசு. 1,700-க்கு 12 வெள்ளி 26 காசு. முன்பு மாதம் 40 மணி நேரம் ஓவர்டைம் பார்த்தவருக்கு அதில் ஏறக்குறைய 433 வெள்ளி கிடைத்தது. அதே ஆளுக்கு ஓவர்டைம் 20 மணி நேரமாகக் குறைந்தால் 245 வெள்ளி. அதோடு உயர்ந்த 178-ஐக் கூட்டினால் 423. சம்பளம் கூடிய பிறகு வீட்டுக்குக் கொண்டுபோவது பத்து வெள்ளி குறைவு! எல்லா ஆலையிலும் இப்படிக் குறைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. என்னிடம் வந்த சீட்டுகளில் சிலவற்றில் குறைந்திருந்தது, சிலவற்றில் இல்லை. ஆனால் குறையலாம் என்று அவர் முன்கூட்டியே நினைத்தார் பாருங்கள், அதுதான் விஷயம். அறிவிப்பைப் படிக்காமல் அவர் கையை மடக்கவில்லை. உங்களையும் என்னையும் விடக் கவனமாகப் படித்திருந்தார்.

சின்னவர் மட்டும் ஏன் துணிந்தார்? மனைவிக்கு ஈப்போவில் வேலை, குடியிருப்பது மாமனார் வீட்டில், வாடகை இல்லை. ஓவர்டைம் போனாலும் தவணை நிற்காது என்று அவருக்குத் தெரியும். பெரியவர் இருப்பது தோட்டத்து வீட்டில். வேலை முடிகிற நாளில் அந்த வீட்டையும் விட்டாக வேண்டும். 60 வயதுக்கு இன்னும் எட்டே வருடம், சொந்த வீடு இல்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர் மனதில் ஓடும் எதிர்பார்ப்பு 200 வெள்ளியைப் பற்றியது அல்ல, வீட்டைப் பற்றியது. ஒரே சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இரண்டு வருங்காலத்தைப் பார்த்தார்கள். சின்னவர் இன்றுவரை தவணை தவறாமல் கட்டுகிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர்தான் புத்திசாலி என்று இந்தக் கதையை முடிக்க முடியாது.

இப்போது உங்கள் அட்டைக்கு வருவோம். விலை ஏறும் என்று நினைத்தால் மக்கள் முந்திக்கொண்டு வாங்குவார்கள் என்பது பாதிதான் உண்மை. முந்திக்கொண்டு வாங்கிய காலத்தை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். 2015 ஏப்ரல் 1-ஆம் தேதி 6 சதவீத ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) வருவதற்கு முந்தைய வாரங்களில் கடைகளில் தள்ளுவண்டி நிறையச் சாமான் வாங்கிக் குவித்தார்கள். 2018-இல் இன்னும் வேடிக்கை. ஜூன் 1-ஆம் தேதி ஜிஎஸ்டி பூஜ்யமானது, செப்டம்பர் 1-ஆம் தேதி எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) வந்தது. நடுவில் மூன்று மாதம் வரியில்லாக் காலம். காடிக் கடைகளில் வரிசை, மின்சாதனக் கடைகளிலும் கூட்டம். உங்கள் கடையின் அந்த வருடக் கணக்கு இருந்தால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எடுத்துப் பாருங்கள், அப்புறம் செப்டம்பரைப் பாருங்கள். அந்தச் சரிவு வியாபாரம் படுத்ததால் வந்ததல்ல. செப்டம்பரில் வாங்க வேண்டியவர்கள் ஜூலையிலேயே வாங்கிவிட்டார்கள்.

ஜெர்மனியிலும் இப்படி ஒன்று நடந்தது, ஆராய்ந்தும் பார்த்தார்கள். மதிப்புக் கூட்டு வரி 2007 ஜனவரியில் 16-இலிருந்து 19 சதவீதமாகும் என்று 2005-இலேயே அறிவித்துவிட்டார்கள். 2006 முழுக்க அங்கே பெரிய சாமான் வாங்கும் ஆர்வம் கூடியது. படிப்பும் வருமானமும் அதிகமுள்ள குடும்பங்களிடம் அந்த ஆர்வம் இன்னும் அதிகம். ஆனால் நெதர்லாந்தில் நடத்திய ஒரு சோதனையில் நேர்மாறாக வந்தது. சிலருக்கு மட்டும் பணவீக்கத் தகவல் கொடுத்து, பிறகு அவர்கள் செலவைக் கவனித்தார்கள். விலை அதிகம் ஏறும் என்று நினைக்க ஆரம்பித்தவர்கள் பெரிய சாமான் வாங்குவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? என் புரிதல் இது. வரி என்றால் தேதி தெரியும், எவ்வளவு ஏறும் என்று தெரியும், எந்தச் சாமானுக்கு என்று தெரியும். பொதுவாக ‘விலைவாசி ஏறுகிறது’ என்று காதில் விழும்போது குடும்பத்தலைவி வாஷிங் மெஷினை நினைப்பதில்லை. முட்டை, சமையல் எண்ணெய், பள்ளி வேன் கட்டணம், டீசல் விலை ஏறினால் லாரியில் வரும் காய்கறி எல்லாவற்றையும் நினைக்கிறாள். சம்பளம் அந்த வேகத்துக்கு ஏறாது என்பது அவளுக்கு அனுபவம். ஆகவே ‘விலை ஏறும்’ என்ற வாசகம் அவள் காதில் ‘நாம் ஏழையாகப் போகிறோம்’ என்றுதான் விழுகிறது. ஏழையாகப் போகிறோம் என்று நினைப்பவர் மெஷின் வாங்குவாரா? உங்கள் அட்டை ஆளை உள்ளே இழுப்பதற்குப் பதிலாக வாசலிலேயே திருப்பி அனுப்புகிறதோ என்று எனக்குச் சந்தேகம். சந்தேகம்தான், உங்கள் கடையில் நின்று நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, எதிர்பார்ப்பின்படி நடக்கக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். நாளைக்கு 200 வெள்ளி கூடும் என்று உறுதியாகவே தெரிந்தாலும், 1,300 வெள்ளி மெஷினை இன்று வாங்க யார் கடன் கொடுப்பது? வங்கிக்கு இந்தத் தொகை சின்னது. வட்டி முதலைகளிடம் போனால் ஒரு மெஷினுக்கு இரண்டு மெஷின் விலை போய்விடும். அதனால்தான் நம் பெண்கள் கூட்டு (சீட்டு) கட்டுகிறார்கள். பத்துப் பேர் மாதம் 200 வெள்ளி போட்டால் மாதம் ஒருவருக்கு 2,000. கூட்டு நிதியைத் தொழிலாக நடத்துவதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம் தமிழ்ச் சொல் ‘கூட்டு’ உட்கார்ந்திருப்பது எனக்கு எப்போதும் ஒரு சின்ன ஆச்சரியம். கூட்டில் யார் எந்த மாதம் எடுக்கிறார்கள் என்று கவனித்தால் எதிர்பார்ப்பு கண்ணெதிரே தெரியும். வேலை நிலைக்கும் என்று நம்புகிறவர் முதல் மாதமே எடுக்க முண்டுவார், பயப்படுகிறவர் கடைசி மாதம் வரை பொறுத்திருப்பார்.

கையிருப்பு பற்றிப் பேசும்போது சேமநிதியை விட முடியாது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 முதல் 2022 வரை, ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, அதன் பிறகு ஒரு சிறப்பு மீட்பு என்று நான்கு திட்டங்களில் ஏறக்குறைய 145 பில்லியன் வெள்ளியை உறுப்பினர்கள் எடுத்துவிட்டார்கள். எடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அடுப்பெரிய வேறு வழியில்லாத வீடுகளை எனக்குத் தெரியும். ஆனால் அதன் நிழல் இன்னும் இருக்கிறது. 55 வயதில் ஒரு தொகை வரும், அதை வைத்து ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டலாம் என்று இருந்தவர், கணக்கைத் திறந்து பார்த்தால் பாதி இல்லை. அவர் இன்றைய சம்பளத்தில் மிச்சம் பிடிக்க ஆரம்பிக்கிறார். நான்கு வருடம் முன்பு எடுத்த பணம் இன்று உங்கள் கடையில் விற்காத மெஷினாக நிற்கிறது என்று சொன்னால் மிகையாக இருக்கலாம், ஆனால் முழுப் பொய்யல்ல. 2024 மே 11 முதல் கணக்கு மூன்றாகப் பிரிந்து, புதிதாகக் கட்டுவதில் பத்தில் ஒரு பங்கு எப்போது வேண்டுமானாலும் எடுக்கும்படி ஆகியிருக்கிறது. இதைச் சிலர் அவசரத்துக்கான பையாக நினைக்கிறார்கள், சிலர் இரண்டாவது சம்பளமாக நினைக்கிறார்கள். 1,700 வெள்ளிக்காரருக்கு முதலாளி பங்கும் சேர்த்து 24 சதவீதம் என்றால் அந்தப் பத்தில் ஒரு பங்கு மாதம் 40 வெள்ளிதான்.

பயம் வந்தால் செலவு சுருங்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், அது இடம் மாறும். என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டாடி விற்க, வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்களைப் பார்த்தவர். உங்கள் ஊர்த் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தொழிலாளர்களே சேர்ந்து தோட்டங்களை வாங்குவதற்காக 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் 10 வெள்ளி வீதம் பத்து மாதம் கட்டினால் 100 வெள்ளிப் பங்கு என்று தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னார். அம்மாவும் சேர்ந்தார். பால் மரக் கூலியில் பத்து வெள்ளி என்பது சில நாள் உழைப்பு. அந்தப் பத்து மாதமும் எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை) வீட்டில் கருவாடு மட்டும்தான், தீபாவளிக்கும் புதுச் சேலை எடுக்கவில்லை என்று பின்னாளில் சொல்வார். மைலோ டின்னுக்குள் மடித்து வைத்திருந்த அந்தச் சங்கத்துத் தாளை, அவர் போன பிறகு நான்தான் எடுத்தேன்; மடிப்பில் கிழிந்து நான்காகியிருந்தது. அன்று சுங்கை சிப்புட்டில் துணிக்கடை வைத்திருந்தவர் ‘இந்த ஜனங்கள் ஏன் செலவே செய்ய மாட்டேன் என்கிறார்கள்’ என்று உங்களைப் போலவே அலுத்திருப்பார். அவர்கள் செலவழித்தார்கள், நிலத்தில், அவர் கடையில் அல்ல. இன்றைக்கு அந்த இடத்தில் டியூஷன் இருக்கிறது. காலம் மோசமாகும் என்று நினைக்கிற வீட்டிலும் பிள்ளையின் டியூஷன் கட்டணத்தில் கை வைப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. தன் சம்பளத்தின் மேல் நம்பிக்கை போனவர் பிள்ளையின் சம்பளத்தின் மேல் அதை மாற்றி வைக்கிறார்.

இதுவரை சொன்னதில் எது உறுதி, எது சந்தேகம்? வருமானம் நிலையில்லை என்று நினைக்கிறவர்கள் தள்ளிப்போடக்கூடிய பெரிய செலவைத்தான் முதலில் நிறுத்துவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தேதியும் தொகையும் தெரிந்த விலை மாற்றம் வாங்குதலை முன்னுக்கு இழுக்கும் என்பதும் அப்படியே. ஆனால் மனநிலைதான் செலவை ஆட்டுகிறதா, இல்லை மனநிலை வெறும் கண்ணாடியா என்பதில் பொருளாதார நிபுணர்களே ஒத்துப்போவதில்லை. ‘மியர்’ என்று சொல்லும் மலேசியப் பொருளியல் ஆய்வுக் கழகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பயனீட்டாளர் மனநிலைக் குறியீடு வெளியிடுகிறது. 100-க்கு மேல் போனால் நம்பிக்கை, கீழே போனால் தயக்கம். அதைப் பார்த்துச் சரக்கு இறக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். அது நாடு முழுவதற்குமான சராசரி. கோலாலம்பூரில் ஒருவர் தெம்பாக இருப்பதால் உங்கள் ஊரில் மெஷின் விற்காது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2025 ஜூலையில் வட்டியை 3-இலிருந்து 2.75 சதவீதமாகக் குறைத்ததையும் இதே போலத்தான் பார்க்கிறேன். வீட்டுக்கடன் உள்ளவருக்கு அதில் கொஞ்சம் மிஞ்சும், தோட்டத்து வீட்டில் இருப்பவருக்கு அது வெறும் செய்தி. அக்கம்பக்கம் வாங்குவதைப் பார்த்து வாங்குவதும் உண்டு, தீபாவளி நெருங்கும்போது அது எல்லாக் கணக்கையும் தாண்டிப் போகும். அதற்குச் சூத்திரம் கிடையாது.

ஆக, இரண்டு காரியம் செய்து பாருங்கள். ஒன்று, வருகிறவரிடம் சம்பளத்தைக் கேட்காமல், பேச்சுவாக்கில் ஆலையில் ஓவர்டைம் எப்படி என்று கேளுங்கள். சிறுதோட்டம் வைத்திருப்பவராக இருந்தால் செம்பனைப் பழக்குலை என்ன விலைக்குப் போகிறது என்று கேளுங்கள். நான்கைந்து ஆலைக்காரர்கள் தொடர்ந்து இரண்டு மாதம் ‘ஓவர்டைம் இருக்கு’ என்றால் அப்போது மெஷின் இறக்கலாம்; அதற்கு முன் வேண்டாம். இரண்டாவது, அந்த அட்டையைக் கழற்றிவிட்டு, ‘இந்த விலை தீபாவளி வரை மாறாது, பாதி கட்டி வைத்தால் எடுத்து வைப்போம்’ என்று எழுதுங்கள். விலை ஏறும் என்ற பயம் உங்கள் வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, மாறாது என்று சொல்ல ஆள்தான் இல்லை. ஆனால் எழுதி மாட்டுவதற்கு முன்னால், உங்களுக்குச் சரக்குக் கொடுக்கிற மொத்த வியாபாரியிடமும் அதே விலையைத் தேதி போட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.